நின்று நின்று பாடும் நெக்பேண்ட்: புளூடூத் தன் வேகத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது?

குலசேகரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் எங்கள் சித்தி ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். விடிவதற்கு முன்னாலேயே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். இருட்டில் ஒற்றையாக மரம் மரமாகப் போகிற வேலைக்குத் துணை, போனில் ஏற்றி வைத்திருக்கும் பழைய பாட்டுகள். அதற்காக என் கடையிலிருந்து ஒரு நெக்பேண்ட் எடுத்துப் போனார். மூன்றாம் நாள் திரும்ப வந்தார்.

"மக்கா, கடையில வச்சுக் கேட்டப்போ நல்லாத்தானே இருந்து? தோட்டத்துக்குக் கொண்டு போனா நின்னு நின்னுல்லா பாடுது. மாத்திக் குடுப்பியா?"

மாற்றிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அதே நெக்பேண்டை மறுநாள் நான் கழுத்தில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் வரை ஒரு குறையும் இல்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்கும் அது நின்று நின்று பாடியது.

சித்தியின் தோட்டத்தில் வைஃபை கிடையாது, பக்கத்தில் இன்னொரு புளூடூத் கிடையாது, ஆளே கிடையாது. வடசேரியில் இவை எல்லாமே உண்டு. இரண்டு இடத்திலும் கோளாறு ஒரே மாதிரி கேட்கிறது. காரணம் ஒன்றாக இருக்க வழியில்லை. இந்த இரண்டையும் ஒரு போன் எப்படிக் கண்டுபிடிக்கும், கண்டுபிடித்துப் பாட்டின் தரத்தை எப்படிக் கூட்டிக் குறைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கணக்கு கொஞ்சம் வரும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பாட்டை மூட்டை கட்டுவது

சிடி தரத்தில் ஒரு பாட்டு என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு. பெருக்கிப் பாருங்கள்: நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். இதை அப்படியே காற்றில் அனுப்புவது புளூடூத்துக்குச் சுமை. அதனால் போன் முதலில் பாட்டைச் சுருக்குகிறது. சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். பெட்டியின் மேல் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி., ஆப்ட்எக்ஸ், எல்.டி.ஏ.சி. என்று அச்சடித்திருப்பது இவைதான். பாட்டு கேட்கிற புளூடூத் சாதனம் எதுவானாலும் எஸ்.பி.சி. இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. மற்றவை இருந்தால் உண்டு.

எஸ்.பி.சி. பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறது. 128 மாதிரிகளுக்கு ஒரு துண்டு. 44,100-ஐ 128-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 345 துண்டுகள். வழக்கமான உயர்தர அமைப்பில் ஒரு துண்டின் எடை 119 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட்; 345 × 119 × 8 என்று பெருக்கினால் நொடிக்கு 328 கிலோபிட் வரும். இன்று விற்கிற விலை குறைந்த நெக்பேண்டுகளில் பெரும்பாலும் ஓடுவது இந்த 328-தான். சித்தியினுடையதும் அதுவே.

இந்தத் துண்டுகளைப் பாக்கெட்டில் அடுக்கி அனுப்ப வேண்டும். பாக்கெட் போய்ச் சேர்ந்தால் ஹெட்போன் "கிடைத்தது" என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் போன் அதே பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும். பழைய ரேடியோவில் சிக்னல் மோசமானால் இரைச்சல் கேட்கும்; புளூடூத்தில் அது கேட்காததற்குக் காரணம் இந்தத் திரும்ப அனுப்பல்தான். வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் மௌனம். நடுவில் ஹெட்போன் கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும். அதற்குப் பஃபர் என்று பேர். அது காலியாகும் வரை காதுக்கு எதுவும் தெரியாது. காலியானால், நின்னு நின்னு.

மூன்று வேகங்கள்

புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். சரியாகச் சொன்னால் 2,402 முதல் 2,480 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக 79 சானல்கள். ஒரே சானலில் உட்காராமல் தாவிக்கொண்டே இருக்கும். காலத்தை 625 மைக்ரோநொடிப் பொழுதுகளாக வெட்டி வைத்திருப்பதால் நொடிக்கு 1,600 முறை வரை தாவலாம்.

ஆரம்பத்தில் இதற்கு ஒரே வேகம்தான்: நொடிக்கு 1 மெகாபிட். 2004-ல் வந்த 2.0 பதிப்போடு இ.டி.ஆர். என்ற மேம்பாடு சேர்ந்தது. அதில் 2 மெகாபிட், 3 மெகாபிட் என்று இரண்டு வேகங்கள். எப்படிக் கூடியது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறகு வரும் எல்லாத் தொல்லைக்கும் இதுவே மூலம்.

முட்டம் கரையில் ஒருவர் நிற்கிறார், கடலில் வள்ளத்தில் ஒருவர். கரைக்காரர் துண்டைப் பிடித்துக் கையை நீட்டிச் சைகை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை நான்கு திசையில் மட்டும் நீட்டலாம் என்று பேசி வைத்தால், ஒவ்வொரு சைகையும் நான்கில் ஒன்று. அதாவது 2 பிட் செய்தி. எட்டுத் திசை என்று வைத்தால் ஒரு சைகைக்கு 3 பிட். கை வீசும் வேகம் அதேதான், செய்தி மட்டும் ஒன்றரை மடங்கு. ஆனால் மழை மூட்டம் போட்டால் கிழக்கா வடக்கா என்று வள்ளக்காரருக்குத் தெரியும். கிழக்கா வடகிழக்கா என்றால் தடுமாறுவார். புளூடூத்தில் கைக்குப் பதில் அலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. 2 மெகாபிட்டில் நான்கு கட்டங்கள், 3 மெகாபிட்டில் எட்டு. எட்டைப் பிரித்தறியத் தெளிவான சிக்னல் வேண்டும்.

இந்த 2, 3 என்பதெல்லாம் காற்றில் ஓடும் வேகம். சரக்கு போய்ச் சேரும் வேகம் வேறு. மிகப் பெரிய பாக்கெட் ஐந்து பொழுது எடுக்கும், பதிலுக்கு ஒரு பொழுது. ஆறு பொழுதும் சேர்த்து 3.75 மில்லிநொடி. இந்த ஒரு நடையில் எவ்வளவு ஏற்றலாம்? 1 மெகாபிட் வேகத்தில் 339 பைட், 2-ல் 679 பைட், 3-ல் 1,021 பைட். ஒரு திசையில் இடைவிடாமல் அடித்தால் முறையே 723, 1,448, 2,178 கிலோபிட். இதுதான் மேல்வரம்பு.

குட்டியானையில் ஏத்தன் குலை

எனக்குப் பிடித்த கணக்கு இங்கேதான் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து சந்தைக்கு ஏத்தன் வாழைக்குலை கொண்டுபோகிறோம். குட்டியானை ஒரு நடை போய் வர ஆகும் நேரம் மாறாது; நிறைய ஏற்றினாலும் குறைய ஏற்றினாலும் அதேதான். குலையை வெட்டிப் பாதியாக ஏற்ற முடியாது. முழுக் குலைகள் எத்தனை கொள்ளுமோ அத்தனை. மிச்ச இடம் சும்மா போகும்.

2 மெகாபிட் பாக்கெட்டில் 679 பைட் இடம். அதில் விலாசச் சீட்டுகள் ஒட்டவே 17 பைட் போய்விடும். மிச்சம் 662. நம்முடைய 119 பைட் துண்டு இதில் எத்தனை கொள்ளும்? ஐந்து. நொடிக்கு 345 துண்டு என்றால் 69 நடை. ஒரு நடை 3.75 மில்லிநொடி. ஆக ஒரு நொடிப் பாட்டை அனுப்ப 258 மில்லிநொடி போதும். முக்கால் நொடி சும்மா கிடக்கிறது.

3 மெகாபிட்டில் 1,021-ல் 17 போக 1,004 பைட். எட்டுத் துண்டு கொள்ளும். 43 நடை, 161 மில்லிநொடி. இன்னும் வசதி.

பழைய 1 மெகாபிட்டில்? 339-ல் 17 போக 322. இரண்டே துண்டு, மூன்றாவது கொள்ளாது. 172 நடை, 645 மில்லிநொடி. நொடியில் மூன்றில் இரண்டு பங்கு பாட்டுக்கே போய்விட்டது.

சும்மா கிடக்கிற நேரம் வீண் இல்லை. வழியில் கெட்டுப்போன பாக்கெட்டைத் திரும்ப அனுப்புவது அந்த நேரத்தில்தான். மிச்ச நேரம் கூடக் கூட, அடி தாங்கும் சக்தி கூடும்.

சரி, மிச்சம் இருக்கிறதே, துண்டைப் பெரிதாக்கி ஒலியை இன்னும் நன்றாக்கக் கூடாதா? ஆக்கலாம். லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி மென்பொருளிலும், லினேஜ்ஓஎஸ் போன்ற மாற்று ஆண்ட்ராய்டுகளிலும் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். துண்டின் எடையைத் தீர்மானிப்பது பிட்பூல் என்ற ஓர் எண். ஹெட்போன் "53-க்கு மேல் என்னால் முடியாது" என்று சொல்லும். இடதும் வலதும் சேர்ந்து ஒரே பிட்பூலைப் பங்குபோடும் வழக்கமான முறையில் 53 போட்டால் வருவதுதான் நம் 119 பைட். இடது வலதைத் தனித்தனியாகச் சுருக்கும் முறையில் அந்த எண்ணை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எடுக்கலாம். 53-ஐத் தாண்டாமலே துண்டை ஏறக்குறைய இரட்டிப்பாக்கலாம். சட்டத்தில் ஒரு சந்து.

எவ்வளவு பெரிதாக்குவது என்று வருகிறபோதுதான் இணைப்பின் வேகம் தெரிந்தாக வேண்டும். 2 மெகாபிட் இணைப்பு என்றால் பிட்பூல் 38. துண்டு 164 பைட். நான்கு துண்டுக்கு 656; இடம் 662. ஆறே ஆறு பைட்தான் மிச்சம். 452 கிலோபிட் தரம் கிடைக்கும். 3 மெகாபிட் என்றால் பிட்பூல் 47. துண்டு 200 பைட். ஐந்து துண்டுக்கு 1,000, இடம் 1,004. கிடைப்பது 551 கிலோபிட். 38, 47 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் எனக்கும் புரியவில்லை. குட்டியானையின் அளவுக்குக் குலையை வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேகத்தைப் பார்க்காமல் 2 மெகாபிட் இணைப்பில் 47-ஐப் போட்டால் என்ன ஆகும்? 200 பைட் துண்டு மூன்றுதான் கொள்ளும். 62 பைட் காலியாகப் போகும். நடை 115 ஆகும், 431 மில்லிநொடி. சும்மா கிடந்த முக்கால் நொடியில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். அமைதியான வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது. வடசேரியில் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்த ஒலிக்கு எஸ்.பி.சி. விதிமுறை வைத்திருக்கும் மேல்வரம்பு 512 கிலோபிட். 551 அதைத் தாண்டுகிறது. பல ஹெட்போன்கள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஏற்காத ஹெட்போனில் பாட்டு சரியாக வராது. அப்போது 452-க்கு இறங்கிவிடுவது நல்லது.

கேட்டுத் தெரிந்துகொள்வது

இரண்டா மூன்றா என்பதைப் போன் எப்படி அறிகிறது? முதல் வழி சுலபம்: கேட்டுவிடுகிறது. இரண்டு புளூடூத் சாதனங்கள் கைகோக்கும்போதே "உன்னால் என்னென்ன முடியும்" என்ற பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும். 64 பிட் கொண்ட பட்டியல். ஒவ்வொரு பிட்டும் ஒரு திறமைக்கு ஆம் அல்லது இல்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 25-ஆவது பிட் 2 மெகாபிட், 26-ஆவது பிட் 3 மெகாபிட். ஐந்து பொழுதுப் பெரிய பாக்கெட் தாங்குமா என்பதற்கு 40-ஆவது பிட். மூன்றையும் பார்த்தால் குட்டியானையின் அளவு தெரிந்துவிடும். எல்லா ஹெட்போன்களிலும் 3 இருக்காது.

இதை நீங்களும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் புளூடூத் பதிவு எடுக்கும் வசதி ஒன்று உண்டு. அதை ஆன் செய்து ஹெட்போனை இணைத்து, பதிவைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் ஒயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், எதிர்ச் சாதனத்தின் திறமைப் பட்டியல் வரி வரியாக வரும். முதல் தடவை கண்ணைக் கட்டும். சித்தியின் நெக்பேண்டை நான் அப்படித்தான் பார்த்தேன். 2 மெகாபிட்டுக்கு நேரே ஆம், 3-க்கு நேரே இல்லை. பெட்டியில் பெரிதாக 5.3 என்று அச்சடித்திருந்தது.

அந்த 5.3-ஐப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், பதிப்பு கூடினால் ஒலி கூடும் என்ற நம்பிக்கையில். நம்மில் பெரும்பாலோர் பாட்டு கேட்பது இன்னும் 2004-ல் போட்ட அந்த இ.டி.ஆர். பாதையில்தான். 2020-ல் வந்த 5.2 பதிப்பு எல்.இ. ஆடியோ என்ற புதுப் பாதைக்கும் எல்.சி.3 என்ற புதுக் கோடெக்குக்கும் வழி திறந்தது உண்மை. ஆனால் போன், ஹெட்போன் இரண்டிலும் அது இருந்தால்தான் பயன். பெட்டியில் 5.3 இருப்பதால் மட்டும் அது இருக்கும் என்று அர்த்தமில்லை.

பார்த்துத் தெரிந்துகொள்வது

பட்டியலில் இருப்பது திறமை. இந்த நிமிடம் இந்த இடத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பது வேறு. என் மைத்துனனின் பைக் நூறில் போகும் என்று ஆர்.சி. புத்தகத்தைக் காட்டலாம், மார்த்தாண்டம் சந்தை நாளில் அவன் பத்தில்தான் போவான்.

நிறையப் பேர் நினைப்பது, சிக்னல் பலத்தை அளந்தால் போதும் என்று. போதாது. வடசேரியில் என் போன் சட்டைப் பையில், நெக்பேண்ட் கழுத்தில். ஒரு முழம்கூடத் தூரமில்லை. சிக்னல் பலமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சுற்றிலும் நூறு போன்கள், கடைகளின் வைஃபை. ஒரு வைஃபை சானலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். நம்முடைய 79-ல் கிட்டத்தட்ட 20 சானலை அது ஒன்றே மூடிவிடும். 1, 6, 11 என்ற வைஃபை சானல்களில் மூன்று வைஃபை நெருக்கமாக இருந்தால் ஒதுங்க மிச்சம் கொஞ்சம்தான். கெட்ட சானல்களைக் குறித்து வைத்து அவற்றைத் தவிர்த்துத் தாவும் வித்தை 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே உண்டு. ஆனால் குறைந்தது 20 சானலாவது வைத்துக்கொண்டாக வேண்டும் என்பதும் விதி. கூட்டத்தில் பக்கத்தில் நின்று பேசுகிறவர் குரல் உரக்கத்தான் இருக்கிறது. என்ன சொல்கிறார் என்றுதான் பிடிபடவில்லை.

ஆக, எதை அளப்பது? வரிசையை.

கோடெக் துண்டுகளைச் சீராகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். பாட்டு காத்திருக்காது அல்லவா. தயாரான பாக்கெட்டுகள் போனுக்குள் இருக்கும் புளூடூத் ரேடியோவின் வாசலில் வரிசையில் நிற்கும். ரேடியோ ஒவ்வொன்றாக அனுப்பி, "கிடைத்தது" வந்ததும் வரிசையிலிருந்து விடுவிக்கும். இணைப்பு நன்றாக இருந்தால் வரிசையில் ஒன்றிரண்டுக்கு மேல் நிற்காது. திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டி வந்தால் வரிசை நீளும். ரேஷன் கடைக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தே உள்ளே தராசு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று நாம் சொல்லிவிடுவோம். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். சிக்னல் குறைந்ததா, நெரிசல் கூடியதா, ரேடியோ 3-லிருந்து 2-க்கு இறங்கியதா, காரணம் எதுவானாலும் அது வரிசையின் நீளத்தில் வந்து நிற்கும்.

ரேடியோ இறங்குவது தனிக் கதை. ஹெட்போன் பக்கத்தில் பிழைகள் கூடினால் அது "கொஞ்சம் மெதுவாக, நான்கு திசையில் காட்டு" என்று போனிடம் கேட்கலாம். இந்தப் பேச்சு இரண்டு ரேடியோ சில்லுகளுக்குள்ளேயே முடிந்துவிடும். மேலே ஓடும் கோடெக்குக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. வரிசை நீண்டபிறகுதான் அதற்குத் தெரியும்.

எல்.டி.ஏ.சி. இந்த வித்தையை நம்பித்தான் இருக்கிறது. சோனி உருவாக்கிய கோடெக். 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து ஆண்ட்ராய்டின் மூல நிரலிலேயே சேர்ந்திருக்கிறது. அதற்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று முக்கியப் படிகள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தரத்தை நாமே 990 என்று பூட்டி வைக்கலாம், அல்லது இணைப்பைப் பார்த்து நீயே முடிவு செய் என்று விடலாம். அப்படி விட்டால், ஆண்ட்ராய்டு அவ்வப்போது வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று எண்ணிச் சொல்லும். நீண்டிருந்தால் எல்.டி.ஏ.சி. தரத்தைக் குறைக்கும். வரிசை கொஞ்ச நேரம் குட்டையாகவே இருந்தால் பைய ஏற்றும். இறங்குவது சட்டென்று, ஏறுவது பொறுத்து. அவசரப்பட்டு ஏறினால் மறுபடி விழும். தரம் ஊஞ்சல் ஆடுவது காதுக்கு இன்னும் தொந்தரவு.

990-ஐப் பூட்டி வைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மெகாபிட் இணைப்பின் மேல்வரம்பு 1,448. அதில் 990 என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். திரும்ப அனுப்ப மிச்சம் மூன்றில் ஒன்றுகூட இல்லை. வீட்டில் கட்டிலில் சாய்ந்து கேட்பதற்குச் சரி. பஸ்ஸில் போகிறவர் அதைப் பூட்டிவிட்டு ஹெட்போன் மோசம் என்று என்னிடம் சண்டைக்கு வருவது எனக்குப் பழகிவிட்டது.

எஸ்.பி.சி.யிலும் பாட்டு ஓடும்போதே பிட்பூலைக் குறைக்கலாம். விதிமுறை அனுமதிக்கிறது, பைப்வயர் அப்படிச் செய்கிறது. குவால்காமின் ஆப்ட்எக்ஸ் அடாப்டிவ் என்பதும் பெயருக்கேற்ப 279 முதல் 420 கிலோபிட் வரை ஏறி இறங்கும். பழைய சாதா ஆப்ட்எக்ஸ் அப்படி இல்லை, எந்நேரமும் ஒரே தரம்.

328-க்கும் 551-க்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியுமா என்று கேட்டால், நல்ல ஹெட்போனில், அமைதியான அறையில், கவனமாகக் கேட்கிறவர் கண்டுபிடிக்கலாம். ஓடும் பஸ்ஸில் நான் கண்டுபிடித்ததில்லை. பாட்டு அறுந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் என்னிடம் கேட்டால், வேகத்தை அளப்பதன் பெரிய பயன் தரத்தை ஏற்றுவதில் இல்லை. எப்போது இறக்க வேண்டும் என்று தெரிவதில்தான்.

தோட்டத்தில் என்னதான் நடந்தது?

வடசேரி நெரிசல் புரிந்தது. ஆளில்லாத தோட்டத்தில் ஏன்?

ஒரு சனிக்கிழமை சித்தியோடு நானும் போனேன். முதல் சில மரங்களிலேயே விடை கிடைத்தது. சித்தி ஒரு மரத்துக்கு வந்ததும் சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை எடுத்துக் கூடையில் போடுவார். குனிந்து, மரத்தைப் பாதிச் சுற்று சுற்றி, கத்தியைச் சாய்வாக இழுப்பார். அப்புறம் அடுத்த மரம். போன் இருப்பது வலது இடுப்பில் கட்டிய பையில். நெக்பேண்டின் எலக்ட்ரானிக்ஸ் பலகை இருப்பது இடது தோள் பக்கம், பட்டன்கள் அங்கேதான். ஒரு காதை நானும் கடன் வாங்கிக் கேட்டேன். அவர் நிமிர்ந்து நடக்கும்போது பாட்டு ஓடுகிறது. குனிந்து மரத்தைச் சுற்றும்போது அறுகிறது. மரத்துக்கு மரம் அதேபடி.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்கு நேராகப் போக அலைக்கு வழியில்லை, நடுவே சித்தி இருக்கிறார். இதே உடம்பு என் கடைக்குள்ளும் குறுக்கேதான் நின்றது. அங்கே சுவர், கூரை, இரும்பு ஷட்டர் எல்லாம் இருந்தன. அலை அவற்றில் மோதித் திரும்பி, உடம்பைச் சுற்றிக்கொண்டு நெக்பேண்டை அடைந்தது. தோட்டத்தில் மோதித் திரும்ப ஒன்றுமில்லை. மேலே வானம், கீழே ஈர மண், தள்ளித் தள்ளி மரங்கள். திறந்த வெளியில் புளூடூத் நன்றாக எடுக்கும் என்று நாம் நினைப்போம். போனுக்கும் காதுக்கும் நடுவே உடம்பு வந்துவிட்டால் திறந்த வெளிதான் மோசம்.

வடசேரியில் சிக்னல் பலம், நெரிசல் அதிகம். தோட்டத்தில் நெரிசல் இல்லை, சிக்னல் பலவீனம். வாசலில் வரிசை இரண்டிலும் நீண்டிருக்கும். அந்த நெக்பேண்டில் ஓடியது எஸ்.பி.சி., சித்தியின் போன் தரத்தைத் தானாக இறக்குகிற வகையும் இல்லை. 258 மில்லிநொடி நடையும் திரும்ப அனுப்பலும் சேர்ந்து ஒரு நொடியைத் தாண்டியபோதெல்லாம் பாட்டு நின்றிருக்கிறது.

வீட்டில் இதே தொல்லை என்றால் வைஃபை ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், லேப்டாப்பில் யூ.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள், அதுவும் இந்தப் பட்டையில் இரைச்சல் கிளப்பும். எல்.டி.ஏ.சி. இருந்தால் 990-ஐப் பூட்டாதீர்கள். போனில் தரத்தைக் குறைக்கும் தெரிவு ஏதாவது கண்ணில் பட்டால் வெளியே போகும்போது குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. இடுப்புப் பையை அவிழ்த்து, மேலே போட்டிருக்கும் பழைய சட்டையின் இடது மேல்பையில் போனை வைக்கச் சொன்னேன். அடுத்த மரத்தில் குனிந்தார், சுற்றினார், கத்தியை இழுத்தார். பால் சாலில் இறங்கிச் சிரட்டையில் சொட்ட ஆரம்பித்தது.

"இப்போ எப்பிடி சித்தி?"

பதில் இல்லை. இரண்டு காதிலும் மாட்டியிருந்தார், கேட்கவில்லை.